பேய்க்கரும்பின் பிள்ளைகள்

கோபிப் பக்கம் கரும்பு போட்டவர்களுக்குப் பூத்த கரும்பைக் கண்டாலே ஆகாது. ஐப்பசி, கார்த்திகையில் வயலுக்கு மேலே வெள்ளிநிறக் கதிர் தலைகாட்டினால், "பூ எடுத்துருச்சு, சீக்கிரம் வெட்டோணும்" என்று என் அப்பா வெட்டு ஆட்களைத் தேடி நடையாய் நடப்பார். பூத்தபின் தண்டு வளராது. நாளாக ஆக நடுவில் சக்கை பாய்ந்து சாறு குறையும். கரணை வெட்டி நடுகிறவருக்குப் பூவால் ஆக வேண்டியது ஒன்றுமில்லை. கல்லூரியில் தாவரவியல் படிக்கப் போனபிறகுதான், அவர் நட்ட கரும்பே அப்படியொரு பூவில் பிறந்தது என்பது எனக்குத் தெரிந்தது. பிறந்த இடமும் தொலைவில் இல்லை, கோயமுத்தூர்தான்.

கரும்பு நமக்குப் பழைய பயிர். அதியமானின் முன்னோர் அதை இங்கே கொண்டுவந்ததாகப் புறநானூற்றில் ஔவையார் பாடுகிறார். அன்றிலிருந்து கரணைதான் நட்டுவந்தோம். கரணையில் முளைப்பது தாயின் மறுபதிப்பு. தாயின் இனிப்பும் வரும், நோயும் வரும். கரும்புக்கு முளைக்கும் விதை உண்டா என்பதிலேயே உலகத்துக்குச் சந்தேகம் இருந்தது. 1880-களின் கடைசியில் ஜாவாவிலும் பார்படோஸிலும் பூவின் விதையிலிருந்து நாற்று முளைத்ததைக் கண்டபிறகே அது தீர்ந்தது.

நம் பக்கத்தில் இந்த அறிவைத் தேடிப் போக வைத்தது ஒரு பூஞ்சணம். கோதாவரிக் கரையில் செவ்வழுகல் நோய் கரும்பை வாரிக்கொண்டு போனது. அதை எதிர்கொள்ளச் சாமல்கோட்டையில் ஒரு பண்ணை அமைந்தது. சென்னை மாகாணத்தின் அரசுத் தாவரவியலாளராக இருந்த சார்லஸ் ஆல்ஃபிரட் பார்பர் அங்கே பெற்ற அனுபவத்தோடு, 1912-ல் கோவையில் கரும்பு இனப்பெருக்க நிலையத்தைத் தொடங்கினார். அவருக்கு உதவியாளராகச் சேர்ந்தவர் டி. எஸ். வெங்கட்ராமன்.

கரும்புப் பரப்பில் பெரும்பகுதி கங்கைச் சமவெளியிலும் பஞ்சாபிலும் இருக்க, நிலையம் ஏன் கோவைக்கு வந்தது? வடக்கே கரும்பு பூப்பது அரிது. பூத்தாலும் விதை பிடிப்பது அதைவிட அரிது. கோவையின் பகல் நீளமும் தட்பவெப்பமும் கரும்பைப் பூக்கவைத்தன. வடக்குக் கரும்போ விரல் பருமன், சாறும் குறைவு. ஆனால் குளிரையும் வறட்சியையும் தாங்கும். நம் தடித்த கரும்பை அங்கே நட்டால் ஒரு குளிர்காலம் தாண்டாது. ஆகவே வடக்குக்கான கரும்பைத் தெற்கே பெற்றெடுக்க வேண்டியிருந்தது.

தாயாக 'வெள்ளை' என்ற தடித்த இனிப்புக் கரும்பை எடுத்தார்கள். தந்தையாக எடுத்ததுதான் துணிச்சல்: ஆற்றங்கரையிலும் வாய்க்கால் மேட்டிலும் தானாகக் கிடக்கும் பேய்க்கரும்பு. மென்றால் நாரும் துவர்ப்பும்தான் மிஞ்சும். தோண்டிப் போட்டாலும் சாகாது. பட்டினத்தார் கையில் ஏந்தித் திரிந்ததாகச் சொல்லும் அதே செடி; அது திருவொற்றியூரில் இனித்தது என்பார்கள். கோவையில் அது இனித்த விதம் வேறு.

வேலை நுட்பமானது. கரும்பின் ஒரு பூ பொட்டு அளவுதான். அதற்குள் ஆண் உறுப்பும் பெண் உறுப்பும் சேர்ந்தே இருக்கும். மகரந்தம் சரியாக விளையாத ரகத்தைத் தாயாகத் தேர்ந்து, வேறு மகரந்தம் தீண்டாமல் அதன் கதிரை மூடிக் காத்து, தந்தையின் பொடியை அதன்மேல் விழச் செய்ய வேண்டும். கிடைக்கும் விதை மயிரிழைகளோடு ஒட்டிய தூசி. ஈரமும் சூடும் பட்டால் சீக்கிரம் முளைப்புத்திறன் போய்விடும். முளைத்த நாற்று ஒவ்வொன்றும் வேறு. ஆயிரக்கணக்கில் வளர்த்து, சாறு பார்த்து, நோய் பார்த்து, ஒன்றிரண்டை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் அழிக்க வேண்டும். அந்தப் பொறுமையை நினைத்தால் எனக்கு இன்றும் கை கூப்பத் தோன்றுகிறது.

1918-ல் வெளிவந்தது கோ 205. காட்டு இனத்தோடு திட்டமிட்டுச் சேர்த்து விவசாயியின் வயலுக்கு வந்த முதல் கரும்பு இதுதான். பஞ்சாபின் நாட்டு ரகமான கத்தா இருந்த இடத்தில் இது பரவியது. அடுத்த ஆண்டு பார்பர் விடைபெற, வெங்கட்ராமன் 1942 வரை நிலையத்தை நடத்தினார்.

இந்தச் செடியின் உள்ளே என்ன நடந்தது என்று நுண்ணோக்கியில் பார்த்தவர்களில் ஒருவர் தலச்சேரிக்காரரான இ. கே. ஜானகி அம்மாள். சென்னை ராணி மேரியிலும் மாநிலக் கல்லூரியிலும் படித்து, மிச்சிகனில் 1931-ல் முனைவர் பட்டம் பெற்று, 1934-ல் கோவைக்கு வந்தார். கரும்பைச் சோளத்தோடும் மக்காச்சோளத்தோடும் சேர்த்த கலப்புகளை ஆராய்ந்தார். எல்லாம் ஒரே புல் குடும்பம் அல்லவா! கோவைக் கலப்பைப் பற்றி, பின்னாளில் பாடம் நடத்தியபோது வகுப்பில் நான் கரும்பலகையில் போட்ட கணக்கு இதுதான். தடித்த கரும்புக்குக் குரோமோசோம் 80, கோவைப் பேய்க்கரும்புக்கு 64. பாதிப் பாதி சேர்ந்தால் பிள்ளைக்கு 72 இருக்க வேண்டும், இருந்தது 112. தாய் பாதியைத் தராமல் 80-ஐயும் தந்துவிட்டாள். ஜாவாவில் பிரெமர் என்ற ஆய்வாளர் கண்டறிந்த விந்தை இது. கரும்பு ஒன்றை வைத்துக்கொண்டே நோயியல், வகைப்பாடு, மரபியல், உயிரணுவியல் அத்தனைக்கும் வாசல் திறக்கலாம் என்பதை மாணவர்களுக்கு நான் சலிக்காமல் சொல்லிவந்தேன்.

1932-ல் இறக்குமதிச் சர்க்கரைக்குக் காப்பு வரி வந்ததும், சுமார் 30 ஆக இருந்த ஆலைகள் ஐந்தாறு ஆண்டுகளில் 130-ஐத் தாண்டின. வரியைப் பற்றி எல்லோரும் எழுதுகிறார்கள். அந்த ஆலைகளுக்கு அரைக்கக் கிடைத்த கோவைக் கரும்பைப் பற்றி எழுதுவோர் குறைவு; எனக்கு அது மனக்குறை.

கடல் கடந்த கிளை ஒன்றும் உண்டு. 1860 அக்டோபரில் சென்னையிலிருந்து 'ட்ரூரோ' கப்பல் ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிக்கொண்டு நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்குப் புறப்பட்டது. நம்மவர் பலர் அதில் போனார்கள். முக்கால் நூற்றாண்டுக்கு மேல் கழித்து, கோ 421-க்கும் கோ 312-க்கும் கோவையில் பிறந்த விதை அதே நேட்டாலுக்குப் போனது. அங்கே முளைத்த நாற்றுகளில் ஒன்றைத் தேர்ந்து, 1945-ல் என்கோ 310 என்று வெளியிட்டார்கள். முன்னெழுத்து நேட்டாலுக்கு, அடுத்தது கோயமுத்தூருக்கு. பின்னர் தைவானிலும் ஒகினாவாவிலும் அந்தக் கரும்பு பெரும்பரப்பில் விளைந்தது.