புகைமூட்டத்துக்கும் ‘பூருன்’ கோரைக்கும் என்ன சம்பந்தம்?

கோரைன்னா நம்மில் பலருக்குத் திருநெல்வேலிப் பக்கத்துப் பத்தமடைப் பாய்தான் ஞாபகம் வரும். அதே கோரைக் குடும்பத்துச் செடி ஒன்று மலேசியச் சதுப்பு நிலங்களிலும் தானாக வளர்கிறது. மலாயில் அதன் பெயர் பூருன்; அறிவியல் பெயர் லெப்பிரோனியா ஆர்ட்டிகுலாத்தா.

பார்க்க எப்படி இருக்கும்?

இலையே இல்லாத மாதிரி தெரியும். சாம்பல் கலந்த பச்சை நிறத்தில், ஆள் உயரத்துக்கு நேராக நிற்கும் தண்டுகள். நுனிக்குச் சற்றுக் கீழே பழுப்பு நிறத்தில் ஒரே ஒரு பூங்கதிர். தண்டைப் பிளந்தால் உள்ளே வெற்றிடம், நடுநடுவே குறுக்குத் தடுப்புகள். தண்ணீருக்கடியில் இருக்கும் வேருக்குக் காற்று போவது இந்த வெற்றிடம் வழியாகத்தான்.

வளர என்ன வேண்டும்?

நல்ல வெயில், தேங்கிய தண்ணீர், அமிலத்தன்மை உள்ள மண். சத்துக் குறைந்த கரிச்சதுப்பு மண்ணே இதற்குப் போதும். மண்ணுக்கடியில் படரும் கிழங்குத்தண்டிலிருந்து வரிசையாகத் தளிர்விடும். பகாங்கின் தாசிக் பெராவில் இதைக் கூட்டம் கூட்டமாகக் காணலாம். 1994-இல் மலேசியாவின் முதல் ராம்சார் தளமானது அந்த ஏரிதான்.

ஜெஞ்சாரோமுக்கு இதில் என்ன?

ஜெஞ்சாரோம் இருக்கும் கோல லங்காட் மாவட்டத்திலும் கரிச்சதுப்பு நிலம் உண்டு. தண்ணீரில் மூழ்கி, முழுசா மக்காத மரமும் இலையும் பல ஆயிரம் ஆண்டுகளாகச் சேர்ந்து உருவான மண் இது. விவசாயத்துக்காக வாய்க்கால் வெட்டித் தண்ணீரை வடித்தால் மண் காய்ந்துவிடும், நிலமும் தாழ்ந்துபோகும். அப்புறம் சின்ன நெருப்பு போதும், தீ மண்ணுக்கடியில் புகுந்து நாள்கணக்கில் புகையும். கிள்ளான் ஜோஹான் செத்தியாவில் இது அடிக்கடி நடக்கிறது. சுற்றுவட்டார மக்கள் அந்தப் புகையைத்தான் சுவாசிக்கிறார்கள்.

கோல லங்காட் வடக்கு வனக்காப்பகத்தில் 500 ஹெக்டருக்கும் மேற்பட்ட பகுதி வனப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது 2021 ஆகஸ்டில் தெரியவந்தது. தெமுவான் பூர்வக்குடியினரும் சுற்றுச்சூழல் அமைப்புகளும் எதிர்த்தனர். செப்டம்பரில் சிலாங்கூர் மாநில அரசு அந்த முடிவை ரத்து செய்தது.

வடிக்காமலே வருமானம் வருமா?

கரிச்சதுப்பு நிலத்தில் தீயைத் தடுக்க முதல் வழி, வாய்க்காலை மறித்து நீர்மட்டத்தை உயர்த்துவது. ஈர நிலத்தில் செம்பனை சரியாக வளராது, பூருன் வளரும். தண்டை உலர்த்தி, தட்டி, பாயும் கூடையும் பின்னலாம். வியட்நாமில் இதே கோரையின் வெற்றுத்தண்டை வெட்டி, பிளாஸ்டிக்குக்குப் பதிலாக உறிஞ்சுகுழலாக விற்கிறார்கள்.

பூருன் மட்டும் தீயை அணைத்துவிடாது. ஆனால் அது செழிக்கிற இடத்தில் மண் ஈரமாக இருக்கிறது. ஈரமான கரிச்சதுப்பு சுலபத்தில் தீப்பிடிக்காது.