இரும்புக்கோட்டை முரட்டுச் சிங்கம்

2010 மே 7 அன்று வெளியான தமிழ் நகைச்சுவை கௌபாய் படம். இயக்கம் சிம்புதேவன்; இசை ஜி. வி. பிரகாஷ் குமார், தயாரிப்பு ஏ.ஜி.எஸ். என்டர்டெயின்மென்ட். கதை நடப்பது ஜெய்சங்கரபுரம் என்னும் கற்பனை ஊரில். புழுதித் தெரு, மரவீடுகள், குதிரை, துப்பாக்கி எனப் பாலைநில ஊருக்கான அடையாளங்கள் எல்லாம் உண்டு. பேச்சு மட்டும் அசல் நம்மூர்ப் பேச்சு. படத்தின் உயிர் அந்த முரணில்தான் இருக்கிறது. காணாமல்போன வீரன் சிங்கத்தைப் போலவே தோற்றமுள்ள சிங்காரத்தை (ராகவா லாரன்ஸ்) ஊர்ப் பெரியவர்கள் தூக்குமேடையிலிருந்து மீட்டு வருகிறார்கள். ஒற்றைக்கண் வில்லன் கிழக்குக் கட்டையாக நாசர். பத்மப்ரியா, லட்சுமி ராய், சந்தியா, எம். எஸ். பாஸ்கர் ஆகியோரும் நடித்துள்ளனர்.

ஊரின் பெயர் நடிகர் ஜெய்சங்கருக்குச் செய்த மரியாதை. எம். கர்ணன் இயக்கத்தில் அவர் நடித்த ‘காலம் வெல்லும்’ (1970), ‘கங்கா’ (1972) போன்றவையே தமிழில் இவ்வகைக்கு வழிவிட்டவை.

கௌபாய் கதைக்கு மணல்தான் வேண்டும் என்பதில்லை. ஓசூருக்கு மேற்கே, எல்லை தாண்டிய ராமநகரத்துப் பாறைக்குன்றுகளில்தான் ‘ஷோலே’ (1975) படமானது. கிருஷ்ணகிரிச் சாலையோரம் நிற்கும் மொட்டைப் பாறைமலைகளும் அதே சாயல்தான்.