ஹாலோவீன் இரவும் கிறிஸ்தவப் பெற்றோரின் தயக்கமும்: ஒரு வரலாற்று நோக்கு

அமெரிக்க ஐக்கிய நாடுகளிலும், கனடாவிலும், பிரித்தானியத் தீவுகளிலும் அக்டோபர் 31ஆம் நாள் மாலையில் சிறுவர்கள் பேய், எலும்புக்கூடு, சூனியக்காரி முதலிய வேடங்களைப் புனைந்து, வீடு வீடாகச் சென்று இனிப்புக் கேட்கின்றனர். ஹாலோவீன் என வழங்கும் இவ்விரவில் அங்குள்ள கிறிஸ்தவப் பெற்றோர் பலர் இருமனப்படுகின்றனர். பிள்ளையின் மகிழ்ச்சியைத் தடுக்க அவர்களுக்கு மனம் வருவதில்லை. இருளின் கோலத்தைத் தம் கையாலேயே அதற்கு அணிவிக்கவும் மனம் வருவதில்லை. உபாகமம் 18ஆம் அதிகாரத்தின் எச்சரிப்பு ஒருபுறம் நிற்கிறது. நாட்களைக் குறித்து ஒருவரையொருவர் குற்றவாளியாகத் தீர்க்கலாகாது என்னும் ரோமர் 14ஆம் அதிகாரத்தின் போதனை மறுபுறம் நிற்கிறது. இத்தயக்கத்தை விசுவாசக் குறைவு என்றோ, வீண் அச்சம் என்றோ ஒதுக்கிவிடுவது எளிது. ஆயின், திருச்சபை நெடுங்காலம் தீர்க்காது விட்ட ஒரு வினாவே இன்று இப்பெற்றோரின் வாசலில் வந்து நிற்கிறது என்பதை வரலாறு நமக்குக் காட்டுகிறது.

இவ்விரவு புறமதத்தில் தோன்றியது என்பதே எதிர்ப்போர் கூறும் முதற்காரணம். பண்டைய அயர்லாந்தில் நவம்பர் முதல் நாளையொட்டி ‘சவன்’ என்னும் பருவத் திருநாள் கொண்டாடப்பட்டது உண்மையே. ஆனால், அதனைப்பற்றிய எழுத்துச் சான்றுகள் யாவும் அந்நாடு கிறிஸ்தவத்தைத் தழுவிய பின்னர் எழுதப்பட்டவை. அது இறந்தோரின் திருநாள் என்னும் கருத்தைப் பரப்பியவர் ஜேம்ஸ் ஃபிரேசர் போன்ற பிற்கால ஆராய்ச்சியாளரே. இதற்குப் பழஞ்சான்று மிகக் குறைவு என்பதை ரானல்ட் ஹட்டன் என்னும் வரலாற்றாசிரியர் 1996இல் வெளியிட்ட நூலில் எடுத்துக்காட்டினார்.

ஹாலோவீன் என்னும் பெயரோ திருச்சபையினுடையது. சகல பரிசுத்தவான்களின் திருநாளுக்கு முந்திய மாலை என்பதே அதன் பொருள். ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் போப் நான்காம் போனிபாஸ் ரோமாபுரியின் பாந்தியன் கோவிலை மரியாளுக்கும் இரத்தசாட்சிகள் அனைவருக்கும் உரிய ஆலயமாகப் பிரதிஷ்டை செய்தது மே மாதம் 13ஆம் நாளில். ஒன்பதாம் நூற்றாண்டிலேயே நவம்பர் முதல் நாள் பிராங்கியப் பேரரசு எங்கும் நிலைபெற்றது. பழைய அயர்லாந்து நாட்காட்டிகள் இத்திருநாளை ஏப்ரல் 20ஆம் நாளில் குறித்துள்ளமை கருதத்தக்கது. ஆகவே, அயர்லாந்தின் புறமதத் திருநாளை மூடி மறைக்கவே திருச்சபை இந்நாளைத் தெரிந்துகொண்டது என்று உறுதியாகக் கூற இயலாது.

1000ஆம் ஆண்டையொட்டி, குளூனி மடத்தின் தலைவர் ஓடிலோ நவம்பர் 2ஆம் நாளை மரித்த விசுவாசிகள் அனைவருக்காகவும் மன்றாடும் நாளாக ஏற்படுத்தினார். உத்தரிக்கும் ஸ்தலத்தைப்பற்றிய போதனை வளர்ந்தபோது இந்நாட்களின் செல்வாக்கும் வளர்ந்தது. ஆலய மணிகள் இரவில் இறந்தோருக்காக ஒலித்தன. இங்கிலாந்தில் ஏழைகளும் சிறுவர்களும் வீடு வீடாகச் சென்று ‘ஆத்துமப் பணியாரம்’ பெற்று, அவ்வீட்டாரின் இறந்தோருக்காக வேண்டுதல் செய்யும் வழக்கமும் உண்டாயிற்று. இன்று இனிப்புக் கேட்டு வரும் சிறுவரின் முன்னோடிகளை இங்கு நாம் காண்கிறோம்.

சீர்திருத்தம் தொடங்கியதும் இதே நாளில்தான். 1517 அக்டோபர் 31ஆம் நாளை லுத்தர் தற்செயலாகத் தெரிந்துகொண்டார் என எண்ணுவதற்கில்லை. விட்டன்பர்க் கோட்டை ஆலயம் சகல பரிசுத்தவான்களின் பெயரால் அமைந்தது. மறுநாள் திருநாளில் அங்குள்ள திருப்பண்டங்களை வழிபடுவோருக்குப் பாவத்தண்டனைக் குறைப்பு வாக்களிக்கப்பட்டிருந்தது. இறந்தோரின் மீட்பு பணத்தாலும் நற்கிரியையாலும் கிடைப்பதன்று, கிறிஸ்துவின் கிருபையால் மட்டுமே என்னும் உறுதியை நாம் இன்றும் நன்றியுடன் பற்றியிருக்கிறோம்.

ஆனால், அவ்வுறுதிக்கு ஒரு விலையும் இருந்தது. 1549இல் வெளியான ஆங்கிலப் பொது ஜெப நூலில் சகல பரிசுத்தவான்களின் திருநாள் நிலைத்தது. மரித்தோரின் நாள் நீக்கப்பட்டது. இரவு மணி ஒலிப்பதும் தடைசெய்யப்பட்டது. ஸ்காத்லாந்துச் சீர்திருத்தச் சபையின் 1560ஆம் ஆண்டு ஒழுங்கு நூல் இத்தகைய திருநாட்களை அறவே விலக்கியது. இறந்தோரைக் குறித்த தவறான போதனை நீங்கியது. அவர்களை நினைவுகூரும் முறையும் அதனுடன் மங்கியது. ஆலயத்தை விட்டு நீங்கிய அந்த இரவு மறைந்துவிடவில்லை. வீட்டு அடுப்பங்கரையிலும் வயல்வெளியிலும் விளையாட்டாகவும் குறிபார்த்தலாகவும் தொடர்ந்தது. 1785இல் ராபர்ட் பேர்ன்ஸ் என்னும் கவிஞர் இவ்விரவைப்பற்றி நீண்ட கவிதை ஒன்று பாடும் அளவிற்கு, பிரெஸ்பிட்டேரிய ஸ்காத்லாந்திலேயே அது உயிரோடிருந்தது. தடையால் மட்டும் ஒரு வழக்கம் அழிவதில்லை என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஸ்காத்லாந்தினின்றும், 1845க்குப் பின் கொடும் பஞ்சத்திற்குத் தப்பி அயர்லாந்தினின்றும் அமெரிக்காவில் குடியேறியோர் இவ்வழக்கத்தை அங்குக் கொண்டுசென்றனர். தாய்நாட்டில் கிழங்கைக் குடைந்து செய்த விளக்கு, அங்கே பூசணிக்காய் விளக்காயிற்று. இளைஞரின் குறும்புகள் உடைமைச் சேதமாக முற்றியபோது, அதைத் தணிக்க நகரத்தார் சிறுவருக்கு விருந்துகளும் ஊர்வலங்களும் ஒழுங்கு செய்தனர். இனிப்புக் கேட்டு வீடு வீடாகச் செல்லும் வழக்கம் 1930களில் பரவி, இரண்டாம் உலகப் போரின் சர்க்கரைப் பங்கீடு நீங்கிய பின் நாடெங்கும் வேரூன்றியது.

அங்குள்ள கிறிஸ்தவர்கள் இதனைப் பலவாறு எதிர்கொண்டனர். 1950இல் பிலடெல்பியாவில் பிரெஸ்பிட்டேரியப் போதகர் கிளைடு ஆலிசனும் அவர் துணைவியார் மேரி எம்மா ஆலிசனும், சிறுவர்கள் இனிப்புடன் காசும் திரட்டி, ஐக்கிய நாடுகளின் குழந்தைகள் நிதிக்கு அனுப்பும் முறையைத் தொடங்கினர். 1970களிலிருந்து சுவிசேஷ ஐக்கியச் சபைகள் சில, இவ்விரவையே நரகத்தைப்பற்றிய அச்சமூட்டும் நாடகங்களுக்குப் பயன்படுத்தின. வேறு சில அறுவடை விழா என்னும் பெயரில் மாற்று நிகழ்ச்சி நடத்தின. லுத்தரன் சபைகளோ சீர்திருத்தத் திருநாளை ஆசரித்தன. இவற்றுள் பெற்றோரின் தயக்கத்தைத் தீர்த்தது எது? கொடையாக மாற்றியது நற்செயலே; ஆயினும், மரணத்தைப்பற்றிக் குழந்தை கேட்பதற்கு அது விடையன்று. அச்சமூட்டியது, குழந்தை உலகத்தினின்றும் பெறும் அச்சத்தையே திருச்சபையின் பெயரால் திரும்பக் கொடுத்தது. மாற்று விழாக்கள் வேடத்தைக் களைந்தன, வினாவைத் தொடவில்லை.

குழந்தை எலும்புக்கூட்டு வேடம் புனையும்போது, தான் அறியாமலே மரணத்தைப்பற்றிக் கேட்கிறது. சந்தை அதற்கு ஒரு முகமூடியை விற்கிறது. திருச்சபையிடம் இருப்பதோ உயிர்த்தெழுதலின் நம்பிக்கை. அதைச் சொல்வதற்கென்று முன்னோர் ஒதுக்கி வைத்த நாளும் மறுநாளே வருகிறது. நம் நாட்டிலும் நவம்பர் 2ஆம் நாள் கல்லறைத் திருநாளன்று குடும்பத்தார் கல்லறைகளைத் தூய்மை செய்து, மலரிட்டு, மெழுகுவர்த்தி ஏற்றுவதை நாம் அறிவோம். அங்கே பாட்டனாரின் பெயரைக் கல்லில் வாசிக்கும் பிள்ளைக்கு, மரித்தோர் பேய்களாகத் தோன்றுவதில்லை.

ஆதலின், இத்தகைய பெற்றோர் ஆலோசனை நாடி வரும்போது, போதகர் அனுமதியோ தடையோ கூறிவிட்டு அமைவது போதாது. வாசலில் இனிப்பு வழங்கும் குடும்பத்தையும், கதவை அடைத்துக் கொள்ளும் குடும்பத்தையும் ஒரே பந்தியில் அமர்த்துவது அவரது கடமை. குறிபார்த்தல், ஆவிகளை அழைத்தல் ஆகியவற்றுக்கும் சிறுவர் விளையாட்டுக்கும் உள்ள வேறுபாட்டை அவர் தெளிவாக்க வேண்டும். அதனினும் மேலாக, அவ்வாண்டில் கர்த்தருக்குள் நித்திரையடைந்த சபையாரின் பெயர்களைச் சகல பரிசுத்தவான்களின் திருநாள் ஆராதனையில் பிள்ளைகளின் முன்னிலையில் வாசித்து, அவர்களுக்காகக் கடவுளுக்கு நன்றி செலுத்துதல் நன்று. இறந்தோருக்காக மன்றாடுதலைச் சீர்திருத்தத் தந்தையர் விலக்கினர்; அவர்களுக்காக நன்றி கூறுவதை நற்செய்தி ஒருபோதும் விலக்கியதில்லை. இதைச் சபை செய்யுமாயின், முந்திய மாலையில் தம் பிள்ளைக்கு என்ன சொல்வதெனத் திகைக்கும் பெற்றோர் தனித்து விடப்படமாட்டார்கள்.