உலக சரித்திரமும் கிள்ளான் தோட்டங்களும்

உயர்தரப் பள்ளியிற் சரித்திரம் பயிலும் நம்மவர் பிள்ளை ஒருவனை அழைத்து, 1941-ஆம் ஆண்டு டிசம்பர் 8-ஆம் நாள் யாது நிகழ்ந்தது என்று வினவிப் பாருங்கள். ஜப்பானியர் கோத்தா பாருவிற் கரையிறங்கினர் என்று தடையின்றி விடை கூறுவான். அதே ஆண்டு மே மாதத்திற் கிள்ளானில் யாது நிகழ்ந்தது என்று வினவுங்கள். விழிப்பான். அவன் கொள்ளுப்பாட்டனாரே அம்மாதத்திற் பால் வெட்டும் கத்தியைக் கீழே வைத்து நின்றவராயிருத்தல் கூடும். ஆயினும் அவன் அறியான். பிள்ளையைக் குறை கூறுவதற்கில்லை. வீட்டில் யாரும் அவனுக்குச் சொன்னதில்லை. தேர்வுக்கு வேண்டியதென்று ஆசிரியரும் சொன்னதில்லை.

சரித்திரப் பாடத்தில் தேறாதவனுக்கு எஸ்.பி.எம். சான்றிதழ் கிடையாது என்பது 2013-ஆம் ஆண்டு முதல் இந்நாட்டில் நடைமுறையிலிருக்கும் விதி. ஆதலின், கணக்கையும் விஞ்ஞானத்தையும் போலவே சரித்திரத்தையும் நம் பிள்ளைகள் அச்சத்தோடு நெட்டுருச் செய்கின்றனர். இவ்விதியை நாம் எதிர்க்கவில்லை. ஒரு நாட்டின் குடிமகன் அந்நாட்டின் சரித்திரத்தை அறிந்திருத்தல் கடமையே. நமது முறையீடு வேறு. உலக சரித்திரம் என்பது பாரிஸிலும் லண்டனிலும் பெர்லினிலும் நடந்ததென்றும், தேச சரித்திரம் என்பது அரண்மனைகளிலும் மகாநாட்டு மண்டபங்களிலும் நடந்ததென்றும் பிள்ளைகள் எண்ணிக்கொள்கின்றனர். தோட்டத்து லயம் இவ்விரண்டினும் சேராத ஏதோ ஓரிடமாய் நின்றுவிடுகிறது. தென்னிந்தியத் தொழிலாளர் "கொண்டுவரப்பட்டனர்" என்ற ஒரு சொல்லோடு பாடம் மேலே நடந்துவிடுகிறது. கொண்டுவந்தது யார், ஏன், எவ்வளவு கூலிக்கு, வந்தவர் பின்னர் யாது செய்தனர் என்பனவெல்லாம் அந்த ஒரு சொல்லுக்குள் அடங்கிப் போகின்றன.

பிரிட்டிஷார் காலத்துப் பள்ளிகள் இதனினும் மேலானவை என்று கருதிவிடலாகாது. 1893-இல் தோன்றிய கோலாலம்பூர் விக்டோரியா கலாசாலை முதலாய ஆங்கிலப் பள்ளிகளில் கேம்பிரிட்ஜ் தேர்வுக்காக மாணாக்கர் பயின்றது பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்தின் சரித்திரம். ஆங்கில மன்னர்களின் வரிசையை ஒப்பித்தவன் சர்க்கார் ஆபீசிலோ, ரயில்வேயிலோ, தோட்டத்திலோ எழுதுவினைஞனாய் அமர்ந்தான். நாமும் ஆங்கிலம் பயின்றே தோட்டத்துக் கிராணி நாற்காலிக்கு வந்தவர். ஆகவே இக்கல்வியைப் பற்றி அயலாரைப் போலப் பேச நமக்கு உரிமையில்லை, உள்ளிருந்தே பேசுகின்றோம்.

கைத்தொழிற் புரட்சி என்னும் அத்தியாயத்தை எடுத்துக்கொள்வோம். நீராவி யந்திரம், நெசவாலை, நிலக்கரி என்று ஆசிரியர் சொல்லிச் செல்வார். அவ்வத்தியாயத்தின் தொடர்ச்சி பள்ளியின் பின்புறத்திலேயே நின்றது என்பதைச் சொல்வாரில்லை. 1876-இல் ஹென்றி விக்ஹாம் என்னும் ஆங்கிலேயர் பிரேசில் நாட்டுக் காடுகளிலிருந்து ஏறக்குறைய 70,000 ரப்பர் விதைகளை லண்டனுக்குக் கொண்டுசென்றார். கியூ தோட்டத்தில் அவற்றுட் சிறுபங்கே முளைத்தது. அடுத்த ஆண்டு 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. வந்தும் யாது பயன்? அக்காலத்தில் துரைமார் கண்ணெல்லாம் காப்பியின்மேல் இருந்தது. கிள்ளான் வட்டாரத்திலும் காப்பியே பயிராயிற்று. பிரேசிலிற் காப்பி மிகுந்து விளைந்து விலை வீழ்ந்தபோதுதான் அவர்கள் ரப்பரை நோக்கித் திரும்பினர். 1888-இல் டன்லப் காற்றடைத்த சக்கரத்தைச் செய்தார். மரத்தைக் கொல்லாமல் நாள்தோறும் பட்டையைச் சீவிப் பால் எடுக்கும் முறையைச் சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்து ரிட்லி கண்டறிந்தார். 1908-இல் அமெரிக்காவில் போர்டு தமது மலிவான மோட்டார் வண்டியை வெளியிட்டார். பிரேசிலின் விதை, பிரிட்டிஷாரின் மூலதனம், அமெரிக்கரின் மோட்டார் இம்மூன்றும் கூடிய இடத்திற் குறைவாயிருந்தது ஒன்றே: விடியுமுன் எழுந்து நிரைக்குச் செல்லும் கைகள். அக்கைகளைத் தஞ்சையிலும் திருச்சியிலும் சேலத்திலும் வடஆர்க்காட்டிலும் தேடினர். ஒப்பந்தக் கூலிமுறை 1910-இல் ஒழிக்கப்பட்டபின் கங்காணி முறையே தலையாயிற்று. கங்காணி தன் ஊருக்கே போய்த் தன் உறவினரையும் அயலாரையும் அழைத்துவந்தான். சாதிப் பிரிவுகளும் அவரோடு கப்பலேறி வந்து லயங்களிற் குடியேறின என்பதையும் மறைப்பதற்கில்லை.

பிரிக்பீல்ட்ஸ் என்னும் பெயருக்கும் ஒரு சரித்திரமுண்டு. 1881-இல் நெருப்பும் வெள்ளமும் கோலாலம்பூரின் அத்தாப்புக் குடிசைகளை அழித்தபின், செங்கல்லாற் கட்டவேண்டுமென்று சுவெட்டன்ஹாம் ஆணையிட, செங்கற் சூளைகள் எழுந்த இடம் அது. 1886-இல் கோலாலம்பூரையும் கிள்ளானையும் நோக்கி ரயில் ஓடத் தொடங்கியது. தண்டவாளமிட்டவரும் நிலையங்களிற் கணக்கெழுதியவரும் பெரும்பாலும் தமிழரே. முன்னவர் இந்தியத் தமிழர், பின்னவர் யாழ்ப்பாணத்தார் என்ற வேற்றுமையும் அப்போதே வேரூன்றிற்று. அது தனியே எழுதவேண்டிய பொருள்.

இனி உலகப் பொருளாதார மந்தம். 1929-இல் நியூயார்க் பங்குச்சந்தை சரிந்தது என்பது பாடநூலில் உண்டு. மோட்டார் வாங்குவோர் குறைந்தனர், ரப்பர் விலை விழுந்தது, தோட்டக்கூலி வெட்டப்பட்டது, பல்லாயிரக்கணக்கான தமிழர் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பப்பட்டனர். நியூயார்க்கில் ஒரு தரகன் இட்ட ஓலம் சிலாங்கூரில் ஒரு லயத்தின் அடுப்பை அணைத்தது. பிள்ளைகளுக்கு இத்தொடர்பைச் சொன்னால் மந்தம் என்னும் சொல்லின் பொருள் ஒரு நொடியில் விளங்கும். 1936-ஆம் ஆண்டின் இறுதியில் இந்திய சர்க்கார் வி. எஸ். சீனிவாச சாஸ்திரியாரை இந்நாட்டுக்கு அனுப்பித் தொழிலாளர் நிலையை ஆராயச் செய்தது. கூலி மீண்டும் குறைக்கப்பட்ட 1938-இல், உதவிப்பணத்தில் ஆட்களை அனுப்புவதை இந்திய சர்க்கார் தடுத்துவிட்டது. கூலி போதாவிடில் புது ஆட்களைக் கொண்டுவரலாம் என்றிருந்த கதவு அடைபட்டது. தொழிலாளரின் பேரம் பேசும் வலிமைக்கு இதுவே முதற்காரணம் என்று நாம் கருதுகின்றோம்.

யுத்தம் வந்தது. மலாயாவின் ரப்பரும் வெள்ளீயமும் அமெரிக்காவுக்கு விற்கப்பட்டு, பிரிட்டனுக்கு வேண்டிய டாலரை ஈட்டித் தந்தன. தோட்டத்து லாபம் ஏறிற்று. அரிசி விலையும் ஏறிற்று. கூலி அவ்வாறு ஏறவில்லை. ஒரே வேலைக்குச் சீனத் தொழிலாளிக்கு ஒரு கூலி, தமிழனுக்குக் குறைந்த கூலி என்பது வழக்கமாயிருந்தது. 1936-இல் மலாயா மத்திய இந்தியர் சங்கம் ஏற்பட்டிருந்தது. கிள்ளானிலோ, கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கம் தொழிலாளரைத் திரட்டிற்று. அதன் முன்னணியில் நின்றவர் "தமிழ் நேசன்" பத்திரிகையிற் பணியாற்றிய ஆர். எச். நாதன். 1941-ஆம் ஆண்டின் தொடக்க மாதங்களிலேயே ஒரு தோட்டத்துக்குப் பின் ஒரு தோட்டமாக வேலைநிறுத்தம் பரவிற்று.

அவர்கள் கேட்டவை யாவை? சீனருக்குச் சமமான கூலி கேட்டனர். பிள்ளைகளுக்குத் தகுந்த கல்வியும், நோயுற்றார்க்கு நல்ல வைத்தியமும் கேட்டனர். பெண்களிடம் தகாத முறையில் நடப்போர் அடக்கப்படவேண்டுமென்றனர். கூட்டம் கூடவும் பேசவும் உரிமை, உற்றார் உறவினர் தோட்டத்துக்குள் வந்துபோக உரிமை, சங்கத்திற் பேசியவரைப் பழிவாங்காமை இவற்றையும் கேட்டனர். கள்ளுக்கடைகளை மூடுங்கள் என்றனர். வாசகர் இதனை நின்று கவனிக்க வேண்டும்! தமிழ்த் தொழிலாளி குடிப்பதற்கே பிறந்தவன் என்று துரைமாரும் அவரைச் சார்ந்தோரும் பேசிவந்த காலத்தில், தொழிலாளியே கடையை மூடச் சொன்னான்.

மற்றொரு கோரிக்கை நம் போன்றோரை நேரே தொடுவது. துரையோ தோட்டத்து உத்தியோகஸ்தரோ எதிர்ப்பட்டால் தொழிலாளி சைக்கிளை விட்டு இறங்கி நிற்கவேண்டும் என்னும் வழக்கம் ஒழியவேண்டும் என்பது அது. உத்தியோகஸ்தர் என்றால் யார்? கிராணியுந்தான். வெள்ளைத் துரைக்கு இறங்குவது ஒருபுறமிருக்க, தன்னைப்போலவே கருத்த, தன் மொழியையே பேசும், தன் கிராமத்துக்கு அடுத்த கிராமத்தானாகவும் இருக்கக்கூடிய ஒருவனுக்கு ஒரு மனிதன் சைக்கிளை விட்டு இறங்கி நின்றான். மன்னர் வரிசையை ஒப்பித்த ஆங்கிலக் கல்வி அக்கிராணிக்குக் கற்றுத்தந்த பாடம் இது. பிரெஞ்சுப் புரட்சியைப் பற்றிய பாடத்தில் சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்று அவனும் எழுதித் தேறியிருப்பான். சமத்துவம் என்பதற்கு விளக்கம் தேடிப் பாரிஸ் வரை போகவேண்டியதில்லை. கிள்ளான் செம்மண் பாதையில் ஒரு சைக்கிள் போதும்.

மே மாதத் தொடக்கத்தில் நாதன் கைது செய்யப்பட்டார். பின்னர் இந்தியாவுக்கு நாடுகடத்தப்பட்டார். அவரை விடுவிக்கக் கோரித் தொழிலாளர் ஆயிரக்கணக்கிற் கிளர்ந்தனர். வேலைநிறுத்தம் கிள்ளானைக் கடந்து சிலாங்கூரின் பிற பகுதிகளுக்கும் பரவிற்று. பட்டாளம் வரவழைக்கப்பட்டது. துப்பாக்கி வெடித்தது. ஐவர் மாண்டனர், பலர் காயமுற்றனர், நூற்றுக்கணக்கானோர் சிறைப்பட்டனர். மாத முடிவுக்குள் யாவும் அடக்கப்பட்டன.

மூன்று மாதங் கழித்து, ஆகஸ்டு 14-ஆம் நாள், ரூஸ்வெல்ட்டும் சர்ச்சிலும் அட்லாண்டிக் சாசனத்தை வெளியிட்டனர். தாம் விரும்பும் ஆட்சியைத் தேர்ந்துகொள்ளும் உரிமை எல்லா மக்களுக்கும் உண்டு என்பது அதன் ஒரு பகுதி. செப்டம்பரிற் சர்ச்சில் பார்லிமெண்டில் எழுந்து, அது நாஜிகளின் பிடியிலுள்ள ஐரோப்பிய நாடுகளை முதன்மையாய்க் கருதியது என்று விளக்கினார். சாசனம் பாடநூலில் இருக்கிறது. அதற்கு முன்னே கிள்ளானில் வெடித்த துப்பாக்கியையும் சேர்த்துப் படிக்கும் மாணவனுக்கே சர்ச்சிலின் விளக்கம் முழுதும் புரியும். டிசம்பரில் யுத்தம் வந்தது. 1942 ஜனவரி 11-இல் கோலாலம்பூர் வீழ்ந்தது. தொழிலாளர்மீது அத்துணை விரைவாய்த் துப்பாக்கி ஏந்திய ஆட்சி, எட்டே மாதத்தில் அவர்களைக் கைவிட்டு ஓடிற்று.

அதன்பின் வந்த சயாம் மரண ரயிலைப் பற்றி நம்மவர் ஓரளவு அறிவர். 415 கிலோமீட்டர் பாதை 1943 அக்டோபரில் முடிந்தது. வேலை செய்த போர்க்கைதிகள் ஏறத்தாழ 60,000 பேர். அவருள் 12,000-க்கு மேற்பட்டோர் மாண்டனர். மலாயா, பர்மா, ஜாவாவிலிருந்து கொண்டுபோகப்பட்ட ஆசியத் தொழிலாளர் இதனினும் பன்மடங்கு, மாண்டோரும் பன்மடங்கு. காஞ்சனபுரியில் போர்க்கைதிகளின் கல்லறைகள் ஏறக்குறைய 7,000 வரிசையாய் நிற்கின்றன. பெரும்பாலானவற்றிற் பெயர், வயது, படைப்பிரிவு யாவும் பொறிக்கப்பட்டுள்ளன. நம்மவர்க்கு அத்தகைய வரிசை இல்லை. படைக்குப் பெயர்ப் பட்டியல் இருந்தது. கூலிக்குத் தலைக்கணக்கே இருந்தது.

பெயர்ப் பட்டியல் என்றதும் நமது தொழிலைச் சார்ந்த ஒன்று நினைவுக்கு வருகிறது. தோட்டத்து ஆபீசில் நாம் நாள்தோறும் எழுதிவந்தது செக்ரோல் புத்தகம். யார் பெரட்டுக்கு வந்தார், யார் வரவில்லை, எத்தனை நாள் வேலை, எவ்வளவு கூலி, எவ்வளவு பிடித்தம் என்பன அதிற் காணும். கூலிக்கணக்குக்காக எழுதப்பட்டதெனினும், ஓரிடத்து ஜனங்களின் பெயரும் உழைப்பும் நாள்வாரியாய் நிற்கும் ஏடு இதைப்போல் வேறில்லை. ரப்பர் மரங்கள் பெரும்பாலும் வெட்டப்பட்டுச் செம்பனை வந்தது. கிள்ளான் பள்ளத்தாக்கிற் செம்பனையும் போய் வீடமைப்புப் பகுதிகள் வந்துவிட்டன. தோட்டம் கைமாறும்போது ஆபீசைக் காலிசெய்பவர், பழைய புத்தகங்களைக் கட்டுக்கட்டாய்க் காகிதக்காரனுக்கு எடைக்குப் போட்டுவிடுகின்றனர். அவ்வாறு போடுமுன், அருகிலுள்ள உயர்தரப் பள்ளியின் சரித்திர ஆசிரியரை ஒருமுறை அழைத்துக் காட்டுமாறு நம் சக கிராணிமாரைக் கேட்டுக்கொள்கின்றோம்.