கயத்தாற்றுத் தூக்கு: எந்தச் சட்டத்தின்படி?

1799 அக்டோபர் 16. கயத்தாற்றில் திருநெல்வேலிச் சீமையின் பாளையக்காரர்கள் வரவழைக்கப்பட்டு அவை கூடியிருந்தது. தலைமையில் மேஜர் பானர்மேன். எதிரில், புதுக்கோட்டைத் தொண்டைமான் பிடித்துக் கொடுத்த வீரபாண்டிய கட்டபொம்மன். கிஸ்தி பாக்கி, கலெக்டரின் அழைப்பை மதிக்காதது, சிவகிரி விவகாரத்தில் தலையிட்டது, கிழக்கிந்தியக் கும்பெனிப் படையை எதிர்த்துச் சுட்டது என்று குற்றங்கள் வாசிக்கப்பட்டன. அன்றைக்கே தூக்கு.

அந்த நாளைப் பற்றிய முதன்மைச் சான்று, பானர்மேன் மறுநாள் சென்னைக்கு எழுதிய அறிக்கை. கட்டபொம்மன் சற்றும் அஞ்சாமல் நின்றதையும், எட்டயபுரம், சிவகிரிப் பாளையக்காரர்களை வெறுப்புடன் நோக்கியதையும் அவரே எழுதுகிறார். தூக்குமரத்துக்கு நடக்கையில், வாய் பேசாத தம்பியைப் பற்றி மட்டும் கவலைப்பட்டாராம். கோட்டையைக் காத்து அங்கேயே மடிந்திருக்கலாம் என்று வருந்தினாராம். கால்டுவெல் 1881-இல் எழுதிய திருநெல்வேலி வரலாற்றின் வழியே இந்த அறிக்கை பரவலாக அறியப்பட்டது. கட்டபொம்மனைப் பற்றி 1959-இல் வந்த திரைப்படத்துக்குப் பிறகு கயத்தாறு என்றாலே வீர வசனம்தான் நினைவுக்கு வருகிறது. வீரத்தைப் பேசியவர்கள் சட்டத்தைப் போதிய அளவு பேசவில்லை. ஒரு படைத்தளபதி ஒரு பாளையக்காரரை விசாரித்துத் தூக்கிலிட எந்த அதிகாரம் இருந்தது?

இதற்கு ஓராண்டு முன்பு நடந்ததைப் பார்த்தால் கேள்வி இன்னும் கூர்மையாகும். 1798 செப்டம்பரில் இராமநாதபுரத்தில் கலெக்டர் ஜாக்சனைக் கட்டபொம்மன் சந்திக்கப் போன இடத்தில் கைகலப்பு மூண்டு, லெப்டினன்ட் கிளார்க் உயிரிழந்தார். சென்னை அரசு ஒரு விசாரணைக் குழுவை அமைத்தது. சிவில் அதிகாரிகளின் அந்தக் குழு சாட்சிகளைக் கேட்டுக் கட்டபொம்மனைக் குற்றமற்றவர் என்றது. பிடிபட்டிருந்த அவருடைய பிரதானி சுப்பிரமணிய பிள்ளை விடுதலையானார். ஜாக்சனுக்குத்தான் பதவி போனது. குழு விடுவித்த அந்த இருவரையும் அடுத்த ஆண்டே படை தூக்கிலிட்டது. சுப்பிரமணிய பிள்ளைக்கு நாகலாபுரம், கட்டபொம்மனுக்குக் கயத்தாறு.

சென்னை அரசு பானர்மேனுக்குப் பரந்த அதிகாரம் தந்திருந்தது உண்மைதான். தன்னிடம் இல்லாததை அரசு எப்படித் தர முடியும்? 1792 உடன்படிக்கையின்படி கும்பெனிக்குக் கிடைத்தது பாளையக்காரர்களிடம் பேஷ்குஷ் என்னும் கப்பத்தை வசூலிக்கும் உரிமை. அதையும் ஆற்காட்டு நவாபின் இறையாண்மையை ஒப்புக்கொண்டே பெற்றது. கர்நாடகத்தின் ஆட்சி முழுவதும் கும்பெனியின் கைக்கு வந்தது 1801 ஜூலை 31-இல். கயத்தாற்றுத் தூக்கு அதற்கு ஏறத்தாழ இரண்டாண்டு முந்தியது. வரி வசூலிப்பவருக்கு உயிரைப் பறிக்கும் உரிமை அந்த உடன்படிக்கையில் எங்கும் இல்லை.

கும்பெனி பின்னால் இயற்றிய சட்டங்களும் இதை உறுதி செய்கின்றன. வங்காளத்தில் 1804-இன் 10-ஆம் ஒழுங்குமுறை, சென்னையில் 1808-இன் 7-ஆம் ஒழுங்குமுறை ஆகியவைதாம் அரசுக்கு எதிரான குற்றங்களை இராணுவ நீதிமன்றம் விசாரிக்க வழி செய்தவை. பிரிட்டிஷ் அரசுக்கு விசுவாசக் கடப்பாடு உடையவராக இருக்க வேண்டும், ஆயுதமேந்திய நிலையில் பிடிபட்டிருக்க வேண்டும் என்றெல்லாம் வங்காளச் சட்டம் வரம்பு கட்டியது. கட்டபொம்மன் காட்டில் ஒளிந்திருந்தபோது பிடிபட்டவர். அவருடைய பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைத் தாக்கிய தளபதியே குற்றம் சுமத்துபவராகவும் தீர்ப்புச் சொல்பவராகவும் அமர்ந்தார். பின்னாளில் வந்த சொந்தச் சட்டத்தின் அளவுகோலிலும் கும்பெனியின் செயல் தேறாது.

அந்தக் காலத்தில் எல்லா இடத்திலும் அப்படித்தான் என்ற சமாதானமும் எடுபடாது. 1798 நவம்பரில் டப்ளின் நகரில் உல்ஃப் டோன் என்ற அயர்லாந்துப் புரட்சியாளருக்கு இராணுவ நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. சிவில் நீதிமன்றங்கள் திறந்திருக்கும்போது இராணுவம் விசாரிக்கக் கூடாது என்று வாதிடப்பட்டது. தலைமை நீதிபதி கில்வார்டன் ஆட்கொணர்வு ஆணை பிறப்பித்துத் தூக்கை நிறுத்தினார். டோன் அதற்குள் தம் கழுத்தை அறுத்துக்கொண்டு, சில நாளில் இறந்தார். ஆணை பிறந்தது என்பதே இங்கு முக்கியம். அதே ஆண்டு சென்னையிலும் ரெக்கார்டர் நீதிமன்றம் திறந்திருந்தது. கயத்தாற்றிலிருந்து அதன் கதவைத் தட்டக் கட்டபொம்மனுக்கு வழியில்லை. ஒரே பேரரசு, ஓராண்டு இடைவெளி!

சிவில் நீதிமன்றம் இரக்கம் மிக்கது என்று வாதிட இது இடமல்ல. 1908 ஜூலை 7-இல் திருநெல்வேலி செஷன்ஸ் நீதிபதி பின்ஹே, வ.உ.சிதம்பரம் பிள்ளைக்கு ஆயுள் தண்டனை விதித்தார். கொடுமைதான். ஆனால் அங்கே வழக்கறிஞர் இருந்தார், சாட்சியங்கள் ஏட்டில் ஏறின, மேல்முறையீடு இருந்தது. உயர் நீதிமன்றம் தண்டனையைக் குறைத்தது. 1912 டிசம்பரில் வ.உ.சி. உயிரோடு வெளியே வந்தார். அக்டோபர் 16-இன் தீர்ப்பை மறுபரிசீலனை செய்ய ஒருவரும் இல்லை.

இந்தக் கேள்வி பழங்கதையாகிவிடவில்லை. பாகிஸ்தானில் குடிமக்களை இராணுவ நீதிமன்றம் விசாரிக்கலாகாது என்று 2023-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2025 மே மாதம் அதன் அரசமைப்பு அமர்வு அதை மாற்றியது. வாதம் இன்னும் ஓயவில்லை. அதனால்தான் பானர்மேனின் கடிதங்களும் 1798 விசாரணைக் குழுவின் நடவடிக்கைகளும் சட்டக் குறிப்புரையோடு தமிழில் அச்சேற வேண்டும். திருநெல்வேலி அரசு சட்டக் கல்லூரி அந்தப் பணியைக் கையிலெடுக்கட்டும்.