சும்மா இருப்பவர்கள்

ஃபிளீஸ் போர்வைக்கு ஊசி நூல் வேண்டாம். இரண்டு துணிகளை ஒன்றன்மேல் ஒன்றாக விரித்து, ஓரங்களை விரலகல நாடாக்களாக நறுக்கி, மேல் நாடாவைக் கீழ் நாடாவோடு முடிந்தால் போதும். அமெரிக்காவின் லாரன்ஸ் நகர ஆலையொன்றில் 1979இல் உருவான துணி இது. அதே ஊரில் 1912இல் கூலிவெட்டை எதிர்த்து முதலில் தறியை நிறுத்தியவர்கள் பெண்கள். அது வரலாற்றில் ஏறிவிட்டது.

பொன்மலையில் 1946 செப்டம்பர் 5 அன்று சுட்டுக்கொல்லப்பட்ட ஐந்து ரயில்வே தொழிலாளர்களை ஆண்டுதோறும் நினைக்கிறோம். அந்த வேலைநிறுத்த நாட்களில் வீட்டில் உலையேற்றியவர்களுக்குத்தான் பட்டியல் இல்லை.

எங்கள் குவார்ட்டர்ஸ் தெருவில் ஓர் அக்கா, முந்தானைக் குஞ்சம் முடிந்தே பிள்ளைகளுக்குப் பள்ளிக்கட்டணம் கட்டினார். என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்டேன். முடிச்சிலிருந்து கண்ணெடுக்கவில்லை.

"வேலையா? சும்மாதான் வீட்ல இருக்கேன்."