மட்டாஞ்சேரி அரண்மனை முதல் தேர்தல் பத்திரம் வரை: ஆட்சியாளருக்கு வணிகர் தந்த கொடைகளின் வரலாறு

வணிக நலன் உடையோர் ஆட்சியாளருக்குப் பொருள் தருவதும், ஆட்சியாளர் அதற்கு ஈடாகச் சலுகை வழங்குவதும் மலபார்க் கரையில் மிளகு வணிகத்தோடு சேர்ந்து வளர்ந்த வழக்கம். கொச்சியின் மட்டாஞ்சேரியில் அதற்கான சான்றுகள் கட்டடங்களாகவே நிற்கின்றன. அங்கு 16ஆம் நூற்றாண்டில் உருப்பெற்ற கொடை–கைம்மாறு முறை எப்படி மாறி வந்தது என்பதையும், குடியாட்சியில் அது எடுத்த வடிவங்களையும் இக்கட்டுரை கால வரிசையில் ஆராய்கிறது.

கிரீடமும் மிளகு விலையும்

1500 டிசம்பரில் போர்த்துக்கீசியத் தளபதி கப்ராலின் கப்பல்கள் கொச்சிக்கு வந்தபோது, கொச்சி மன்னர் கோழிக்கோட்டு அரசரான சாமூதிரியின் மேலாதிக்கத்திலிருந்து விடுபடத் துணை தேடிக்கொண்டிருந்தார். சாமூதிரியோடு பகைத்துக்கொண்ட போர்த்துக்கீசியருக்கும் வேறொரு துறைமுகம் தேவைப்பட்டது. 1503 தொடக்கத்தில் வாஸ்கோ ட காமா கொச்சியில் மிளகுக்கு நிலையான விலையை ஒப்பந்தமாக்கினார். பின்னர் சந்தை விலை ஏறியபோதும் போர்த்துக்கீசியர் பழைய விலையையே பல பத்தாண்டுகள் பிடித்துக்கொண்டிருந்தனர். அதே ஆண்டு சாமூதிரியின் படை மன்னரை வைப்பின் தீவுக்கு விரட்டியது. போர்த்துக்கீசியத் தளபதி அல்புகெர்க்கின் கப்பல்கள் வந்து ஆட்சியை மீட்டுத் தந்தன. கோட்டை கட்டிக்கொள்ளும் உரிமை அதற்குக் கைம்மாறாகக் கிடைத்தது. 1505இல் போர்ச்சுகல் மன்னர் மானுவேல் அனுப்பிய தங்கக் கிரீடத்தைப் போர்த்துக்கீசிய ஆளுநர் அல்மெய்டா கொண்டுவந்து கொச்சி அரசருக்குச் சூட்டினார். அந்தக் கிரீடத்தை ஏற்றதன் மூலம் கொச்சி அரசர் தம் அரியணை போர்ச்சுகலின் ஆதரவில் நிற்பதை ஒப்புக்கொண்டவரானார்.

இவ்வரிசையில் பெரிய கொடை மட்டாஞ்சேரி அரண்மனை. 1555 வாக்கில் போர்த்துக்கீசியர் இதைக் கட்டி மன்னர் வீர கேரள வர்மாவுக்கு அளித்தனர். அருகிலிருந்த கோயிலொன்றை அவர்கள் கொள்ளையடித்ததால் எழுந்த மனத்தாங்கலைத் தணிக்கவே இது கட்டப்பட்டது என்பது வழிவழியாகச் சொல்லப்படும் காரணம். கட்டடத்தின் அமைப்பு கவனிக்கத்தக்கது. வளைவுகளிலும் தடித்த சுவர்களிலும் ஐரோப்பியக் கைவண்ணம் தெரிந்தாலும், அடிப்படைத் திட்டம் நடுமுற்றம் கொண்ட கேரள நாலுகெட்டு. நடுமுற்றத்தில் அரச குடும்பத்தின் குலதெய்வமான பழயன்னூர் பகவதிக்குக் கோயில் இருக்கிறது. மேல்தளத்தில் முடிசூட்டு மண்டபம். சமயம் பரப்புவதில் முனைப்புக் காட்டிய ஓர் அரசு, கொடை என்று வந்தபோது பெறுபவரின் தெய்வத்துக்கும் இடம் விட்டுக் கட்டியது. மிளகு தடையின்றிக் கிடைப்பது அவர்களுக்கு அவ்வளவு இன்றியமையாததாக இருந்தது.

டச்சுக் கம்பெனியும் இடையாளரும்

1663 ஜனவரியில் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி கொச்சியைக் கைப்பற்றியது. டச்சுக்காரர் தங்கள் ஆதரவு பெற்ற இளவரசரை அரியணையில் அமர்த்தி, கம்பெனியின் சின்னம் பொறித்த கிரீடத்தைச் சூட்டினர். அவ்வாண்டு மார்ச் ஒப்பந்தப்படி மிளகும் இலவங்கப்பட்டையும் கம்பெனியின் தனியுரிமையாயின. அரண்மனையையும் பழுதுபார்த்து விரிவாக்கிக் கொடுத்தனர். இன்றும் வழங்கும் ‘டச்சு அரண்மனை’ என்ற பெயர் அதனால் வந்தது. போர்த்துக்கீசியர் இடத்துக்கு டச்சுக் கம்பெனி வந்தது. கொடையும் தனியுரிமையும் ஒன்றையொன்று தொடர்ந்து வரும் முறை அப்படியே நீடித்தது.

இக்காலத்தில் புதிதாக உருவானவர், இரு தரப்புக்கும் நடுவே பேசி முடிக்கும் தொழில்முறை இடையாளர். அலெப்போவிலிருந்து வந்த யூதக் குடும்பத்தைச் சேர்ந்த எசக்கியேல் ரஹபி (1694–1771) ஏறத்தாழ அரை நூற்றாண்டு டச்சுக் கம்பெனியின் தலைமை வணிகராக இருந்தார். கம்பெனிக்கு மிளகு சேர்த்துத் தந்ததோடு, மலபார் அரசர்களிடம் அதன் சார்பில் தூதும் சென்றார். 1741இல் குளச்சல் போரில் டச்சுக்காரர் தோற்று, திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மா மிளகை அரசுத் தனியுரிமை ஆக்கிய பின் ரஹபியின் தேவை மேலும் கூடியது. சரக்கு, கடன், தகவல், அரசவைச் செல்வாக்கு ஆகிய நான்கும் ஒரே ஆளிடம் சேர்ந்தன. மட்டாஞ்சேரியில் யூதர்களின் பரதேசி ஜெபாலயத்தில் நீல நிறச் சீன ஓடுகள் பதிக்கப்பட்டதும், 1760 வாக்கில் மணிக்கூண்டு எழுந்ததும் அவர் முயற்சியால்தான். அந்தக் கடிகாரத்தின் அரண்மனைப் பக்க முகப்பில் மலையாள எண்கள் இருக்கின்றன. ஜெபாலயத்தின் பக்கம் ஹீப்ரு எழுத்துகள்.

ஆட்சியாளரின் ஆதரவு கைமாறும்போது வணிகர் படும் அல்லலுக்கும் மட்டாஞ்சேரி சாட்சி. கொங்கணி வணிகர்களுக்கு வரி விதிக்கும் உரிமை யாருடையது என்பதில் டச்சுக் கம்பெனிக்கும் கொச்சி அரசுக்கும் நீண்ட நாள் பூசல் இருந்தது. அது முற்றி, 1791இல் சக்தன் தம்புரானின் ஆட்சியில் கொங்கணி வணிகர் தாக்கப்பட்டனர். அவர்களுடைய கோயிலும் சூறையாடப்பட்டது. அதே ஆண்டு ஆங்கிலக் கம்பெனியோடு செய்த உடன்படிக்கையில் ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் கப்பம் கட்டக் கொச்சி ஒப்பியது. வணிகக் கம்பெனி அரசருக்குக் கொடுத்துவந்த நிலை போய், அரசர் வணிகக் கம்பெனிக்குக் கொடுக்கும் நிலை வந்தது.

மன்றங்களும் மனுக்களும்

19ஆம் நூற்றாண்டில் தனிமனிதத் தூதரின் இடத்தை அமைப்புகள் பிடித்தன. கொச்சி வர்த்தக சபை 1857இல் தொடங்கியது. சரியாக நூறாண்டு கழித்து, 1957இல் மட்டாஞ்சேரி யூதத் தெருவில் மிளகு முன்பேர வணிகம் முறைப்படி ஆரம்பமானது. இத்தகைய அமைப்புகள் வரி, துறைமுகம், இறக்குமதி குறித்து அரசுக்கு மனு அளிப்பது ஊரறிந்த நடைமுறை. 2017 டிசம்பரில் மத்திய அரசு இறக்குமதி மிளகுக்குக் கிலோவுக்கு 500 ரூபாய் என்று குறைந்தபட்ச விலை விதித்தது. வியட்நாம் மிளகு இலங்கை வழியாக மலிவாக வருகிறது என்று விவசாயிகள் தொடர்ந்து முறையிட்டதன் விளைவு அது. மூலப்பொருளை இறக்குமதி செய்து பதப்படுத்தும் ஏற்றுமதியாளர்கள் விலக்குக் கோரினர். யார் என்ன கேட்டார், யாருக்கு என்ன கிடைத்தது என்பது வெளிப்படையாகத் தெரிந்ததால், அதைப் பொதுமக்கள் எடைபோட முடிந்தது.

சட்டமும் மறைப்பும்

அரசியல் கட்சிகளுக்குத் தரும் பணத்தில் அந்த வெளிச்சம் இல்லை. 1957இல் டாட்டா இரும்பு நிறுவனத்தின் நன்கொடை பற்றிய வழக்கில், அத்தகைய பணம் குடியாட்சிக்கு ஆபத்தாகலாம் என்று பம்பாய் உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி சாக்ளா எச்சரித்தார். 1960இல் நிறுவன நன்கொடைக்கு வரம்பு வந்தது. 1969இல் முழுத் தடை வந்தது. தடைக்காலத்தில் பணம் நிற்கவில்லை, கறுப்புப் பணமாகப் பாய்ந்தது. 1985இல் தடை நீங்கியது. 2013ஆம் ஆண்டுச் சட்டம் சராசரி லாபத்தில் 7.5 சதவீதத்தை உச்சவரம்பாக்கியது.

2017ஆம் ஆண்டு நிதிச் சட்டம் அந்த உச்சவரம்பையே நீக்கியது. 2018 ஜனவரியில் தேர்தல் பத்திரத் திட்டம் நடைமுறைக்கு வந்தது. 1,000 ரூபாய் முதல் 1 கோடி வரையான பத்திரங்களை ஸ்டேட் வங்கியில் வாங்கிக் கட்சிக்குக் கொடுக்க முடிந்தது. கொடுத்தவர் பெயர் வாக்காளருக்குத் தெரியாமல் இருந்தது. 2024 பிப்ரவரி 15 அன்று ஐந்து நீதிபதிகள் கொண்ட உச்ச நீதிமன்ற அமர்வு, வாக்காளரின் தகவல் அறியும் உரிமையைப் பறிப்பதாகக் கூறித் திட்டத்தை ரத்து செய்தது. வழக்குத் தொடுத்தவர்களில் மார்க்சிஸ்ட் கட்சியும் ஒன்று. அடுத்த மாதம் வெளியான பட்டியலில் 1,368 கோடி ரூபாய்க்குப் பத்திரம் வாங்கி முதலிடத்தில் நின்றது, கோவையில் வேர்கொண்ட லாட்டரி நிறுவனமான பியூச்சர் கேமிங். அதில் 509 கோடி தி.மு.க.வுக்குச் சென்றதை அக்கட்சி தேர்தல் ஆணையத்துக்கு அளித்த விவரமே காட்டியது. லாட்டரி, மாநில அரசுகளின் அனுமதியை நம்பி நடக்கும் தொழில் என்பதால் இத்தகவல் வாக்காளருக்கு முக்கியமானது.

முடிவுரை

கிரீடமும் அரண்மனையும் ஊர் பார்க்கக் கொடுக்கப்பட்டவை. அவற்றுக்கான கைம்மாறு ஒப்பந்தங்களில் எழுதப்பட்டது. அந்த வெளிப்படைத்தன்மையால் மிளகு விளைவித்தவருக்கு நியாய விலை கிடைத்துவிடவில்லை, ஏனெனில் அரசரைக் கேள்வி கேட்கும் உரிமை அவருக்கு இல்லை. இன்றைய குடிமகனுக்கு வாக்கு என்னும் அந்த உரிமை இருக்கிறது. கொடுத்தவர் பெயரை மறைப்பது அதன் பயனைக் குறைக்கிறது. அமெரிக்காவில் அரசிடம் லாபி செய்வோர் பதிவு செய்யவும் செலவைக் காட்டவும் 1946 முதலே சட்டம் உண்டு. 1995இல் அது இன்னும் இறுக்கப்பட்டது. இந்தியாவில் 2013இல் அப்படியொரு தனிநபர் மசோதா வந்தும் சட்டமாகவில்லை. நன்கொடை தருபவர், பெறுபவர், தொகை, அரசிடம் வைக்கும் கோரிக்கை ஆகிய நான்கையும் ஒரே பதிவேட்டில் மக்கள் பார்வைக்கு வைக்கும் சட்டமே உச்ச நீதிமன்றத் தீர்ப்பு திறந்துவிட்ட வழியை நிறைவு செய்யும்.